பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்!

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை புத்தகப் பையை ஒரு மூலையில் போட்டதும் கேட்கிற முதல் கேள்வி என்ன? "அம்மா, தின்ன என்ன இருக்கு?" என்பதுதானே! முறுக்கு டின் காலியாக இருக்கும். புதிதாக ஏதேனும் செய்யலாமென்றால் நேரம் இராது. உத்தியோகத்துக்குப் போய் வரும் தாய்மார்களின் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாகக் கடைகளில் ஒரு பட்சணம் வந்திருக்கிறது. பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை போன்ற பழங்களை வேர்க்கடலை விழுதோடோ பாதாம் விழுதோடோ சேர்த்துப் பிசைந்து, வில்லைகளாக்கி, பளபளக்கும் காகிதத்தில் சுற்றி விற்கிறார்கள். மேலே பழமும் பாதாமும் படமாகச் சிரிக்கின்றன. 'புரதம் நிறைந்தது', 'சர்க்கரை சேர்க்காதது' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் வேறு!

வாங்கலாமா, கூடாதா? தாராளமாக வாங்கலாம். ஆனால் காசை எடுப்பதற்கு முன்னால் பொட்டலத்தைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட வேண்டும். முன்பக்கம் ஆசை காட்டும். உள்ளதைச் சொல்வது பின்பக்கந்தான்.

விழுதும் பழமும்

'பீனட் பட்டர்' என்ற பெயரைப் பார்த்து, பசு வெண்ணெய் கலந்ததோ என்று எண்ண வேண்டாம். வறுத்த வேர்க்கடலையை விடாமல் அரைத்தால், அதிலுள்ள எண்ணெய் கசிந்து வெண்ணெய் போலக் குழைந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். 100 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதமும், 49 கிராம் கொழுப்பும், 8 கிராமுக்குச் சற்று மேல் நார்ச்சத்தும் இருக்கின்றன. கொழுப்பில் பெரும்பகுதி இருதயத்துக்குக் கெடுதல் செய்யாத வகை. பாதாமில் புரதம் 21 கிராம்தான். ஆனால் 'ஈ' வைட்டமின் வேர்க்கடலையில் உள்ளதைப் போல மூன்று பங்கு. இரண்டிலுமே 100 கிராமுக்குச் சுமார் 570 கலோரி இருக்கும். ஆகவே அளவு முக்கியம்.

பழத்தின் கதை வேறு. புதுத் திராட்சையில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். உலர்த்தும்போது தண்ணீர் போய்விடுகிறது. 'ஸி' வைட்டமினும் பெரும்பாலும் போய்விடுகிறது. சர்க்கரை மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது. 100 கிராம் பேரீச்சம்பழத்தில் சர்க்கரை 60 கிராமுக்கு மேல். புரதம் 2 கிராம். நாரோடு சேர்ந்து வருவதால் வெறும் சீனியைவிட மேல் என்பது வாஸ்தவம். ஆனாலும் நீரிழிவுக்காரர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 30 கிராம் எடையுள்ள வில்லை. பாதி பேரீச்சை, பாதி வேர்க்கடலை விழுது. அதில் சுமார் 130 கலோரி இருக்கும். சர்க்கரை இரண்டு டீஸ்பூனுக்கு மேல். புரதமோ 4 கிராம் தேறினால் அதிகம். ஒரு கோழி முட்டையிலே 6 கிராம் புரதம் உண்டு. அதே 30 கிராம் வறுத்த வேர்க்கடலையில் 7 கிராம் உண்டு. ஒரு ஸ்திரீக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் சுமார் 46 கிராம். 'புரதம் நிறைந்தது' என்ற வாசகத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருஷப் போராட்டம்

"பொடி எழுத்தைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று அலுத்துக்கொள்ளும் சகோதரிகள், ரூத் டெஸ்மண்ட் என்ற அமெரிக்க அம்மாளின் கதையைக் கேட்க வேண்டும்.

1950-களில் அமெரிக்காவில் பீனட் பட்டர் செய்தவர்களில் சிலர், கடலையைக் குறைத்து, இறுகச் செய்த மலிவான எண்ணெயைக் கூட்டினார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. 1959-ல் அந்நாட்டு உணவு இலாகா, 'நூற்றுக்கு 95 பங்கு கடலை இருந்தால்தான் பீனட் பட்டர்' என்று விதி செய்யப் பார்த்தது. உற்பத்தியாளர்கள் 87 பங்கு போதும் என்று வாதாடினார்கள். விசாரணை நடந்தது, வக்கீல்கள் வந்தார்கள், சாட்சியப் பதிவு ஏழாயிரம் பக்கங்களைத் தாண்டியது!

ரூத் டெஸ்மண்ட் விஞ்ஞானியல்ல, வக்கீலுமல்ல; வாஷிங்டனுக்கு அடுத்த ஆர்லிங்டனில் குடும்பம் நடத்திய ஓர் இல்லத்தரசி. தம்மைப் போன்ற பெண்களைக் கூட்டி ஒரு சம்மேளனம் அமைத்து, விசாரணைக்குத் தவறாமல் போய் உட்கார்ந்தார். கடலையின் பெயரைச் சொல்லி எண்ணெயை விற்கலாமா என்பதுதான் அவர் கட்சி. 'பீனட் பட்டர் பாட்டி' என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டது. கடைசியில் 90 பங்கு என்று தீர்மானமாயிற்று. 1970-ல் நீதிமன்றம் அதை ஊர்ஜிதம் செய்ய, 1971-ல் விதி அமலுக்கு வந்தது.

87-க்கும் 90-க்கும் நடுவே மூன்றே பங்கு வித்தியாசம். அந்த மூன்று பங்குக்காக ஒரு குடும்பத் தலைவி இத்தனை வருஷம் விடாப்பிடியாக நின்றாரே! நாம் கடையில் ஒரு நிமிஷம் நிற்கக் கூடாதா?

நான்கு வரிகள்

நம் நாட்டுச் சட்டமும் நமக்கு அனுகூலமாகத்தான் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும் தெரியுமா?

முதலாவது, சேர்மானப் பட்டியல். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு பெயர்கள் பழமும் கடலையுமானால் சரி. சர்க்கரைப் பாகோ குளூக்கோஸ் பாகோ முந்திக்கொண்டால், அது மிட்டாய். பட்சணத்துக்குப் பழத்தின் பெயர் அலங்காரந்தான்.

இரண்டாவது, சதவீதம். மேலே பாதாம் படம் போட்டு ஆசை காட்டினால், உள்ளே பாதாம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று சொல்லியாக வேண்டும். படத்தில் பத்துப் பாதாம் இருக்கும். பட்டியலில் நூற்றுக்கு மூன்று பங்கு இருக்கலாம்!

மூன்றாவது, சர்க்கரை. மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்று இரண்டு கணக்கு இருக்கும். 'சேர்க்காதது' என்றால் 'இல்லாதது' என்று அர்த்தமல்ல. சேர்த்த சர்க்கரைக்கு நம் நாட்டு லேபிள் கணக்கில் ஒரு நாளைய அளவு 50 கிராம். உலக சுகாதார ஸ்தாபனமோ, அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது என்கிறது.

நான்காவது, எண்ணெய். கடலையிலேயே எண்ணெய் இருக்கும்போது பாமாயில் எதற்கு? எண்ணெய் மேலே பிரிந்து நிற்காமலிருப்பதற்காகத்தான். புட்டியில் வாங்கும் விழுதில் எண்ணெய் மிதந்தால் முகம் சுளிக்காதீர்கள். வேறு கொழுப்பு சேர்க்கவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். கரண்டியால் கலக்கிக்கொண்டால் ஆயிற்று.

குழந்தைகளுக்கு ஓர் எச்சரிக்கை

சிலருக்கு வேர்க்கடலையோ பாதாமோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. தடிப்பு, மூச்சுத் திணறல் என்று ஆபத்தில் கொண்டு விட்டுவிடும். பொட்டலத்தில் அதற்கான எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்; விருந்துக்கு வரும் அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுப்பதற்கு முன் அவர்கள் தாயாரைக் கேட்டுவிடுங்கள். மிகச் சிறு குழந்தைகளுக்கு விழுதைக் கட்டியாக ஊட்டக் கூடாது. தொண்டையில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். ரொட்டியில் மெல்லியதாகத் தடவிக் கொடுக்கலாம். பெரிய குழந்தைகளானால் தின்ற பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பேரீச்சம்பழம் பல்லிடுக்கில் லேசில் விடாது.

"இத்தனை ஆராய்ச்சி எதற்கு? நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் போதாதா?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிட்டாயிலும் கடலைதான் பிரதானம். ஆனால் வெல்லமும் சர்க்கரைக் கணக்கில் சேர்ந்ததுதான். ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டால் உத்தமம். இல்லையென்றால், கொட்டை நீக்கிய இரண்டு பேரீச்சம்பழத்தில் வறுத்த வேர்க்கடலையைப் பொடித்து அடைத்துக் கொடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. அதன் சேர்மானப் பட்டியலைப் படிக்க மூக்குக்கண்ணாடி தேவையில்லை!