பனைக்கு வெளியே வைரம்... வேம்புக்கு உள்ளே வைரம்! தோட்டத்து வீட்டுக்கு மரம் தேர்ந்தெடுக்கும் முறை

‘எங்கள் தோட்டத்தில் தாத்தா காலத்துப் பனை 14 நிற்கிறது. வேம்பும் பூவரசும் உண்டு. பத்துக்குப் பதினாறு அடியில் ஓட்டு வீடு ஒன்று போட நினைக்கிறேன். மர வியாபாரி, 14 பனையையும் மொத்தமாக வெட்டி, கை அறுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?’ என்று ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு 3 மரம் போதும். சரியாகத் தேடினால் ஒரு மரம்கூட வெட்டாமல் வேலையை முடிக்கலாம்.

முதலில் கணக்கு

16 அடி நீளக் கூரைக்கு 2 அடிக்கு ஒரு கை என்று வைத்தால், ஒரு பக்கத்துக்கு 9. இரண்டு பக்கமும் சேர்த்து 18 கை. 10 அடி அகல வீட்டுக்கு, இறவாரத்தையும் சேர்த்து ஒரு கை சுமார் 8 அடி நீளம் இருந்தால் போதும். முற்றிய பனையின் அடிப்பகுதியில் 16 அடியை எடுத்து, இரண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் நான்காகப் பிளந்தால் 8 கை கிடைக்கும். ஆக, 3 மரத்தில் 24 கை. உடைந்தது, கோணலானது போனாலும் 18 தேறிவிடும். மீதி 11 மரத்தை எதற்கு வெட்ட வேண்டும்?

புறக்காழ், அகக்காழ்

மரம் பார்க்க வேண்டிய முறையைத் தொல்காப்பியமே சொல்லிவிட்டது. வெளிப்புறம் வைரம் உள்ளதைப் புல் என்றும், உட்புறம் வைரம் உள்ளதை மரம் என்றும் அது பிரிக்கிறது. பனை, தென்னை, மூங்கில் முதல் வகை. வேம்பு, பூவரசு, தேக்கு இரண்டாம் வகை. பனையில் வெளி ஓரத்தை வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சோற்றைச் செதுக்கித் தள்ள வேண்டும். வேம்பில் வெளியே இருக்கும் வெள்ளையைத் தள்ளிவிட்டு, உள்ளே சிவந்த வைரத்தை எடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்த கூரைதான் சில வருஷத்திலேயே உளுத்துக் கொட்டுகிறது.

முற்றிய பனை எது?

பருமனைப் பார்த்து ஏமாறக் கூடாது. வேம்புபோலப் பனை வருஷா வருஷம் பருத்துக்கொண்டே போவதில்லை. இளம்பனையும் கிழப்பனையும் ஒரே பருமனில் நிற்கும். வயது ஏற ஏற உயரமும், வெளி ஓரத்தின் கெட்டித்தன்மையும்தான் கூடும். அதனால் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

* அடிமரத்தில் பழைய மட்டையின் அடி ஒட்டிக்கொண்டிருந்தால் அது இளசு. மட்டையெல்லாம் உதிர்ந்து, தூர் வழவழப்பாகக் கருத்திருந்தால் முற்றல்.
* நாலு பக்கமும் நின்று பாருங்கள். வளைந்த மரத்தில் நேரான கை வராது.
* கோடரியின் பின்பக்கத்தால் தட்டுங்கள். ‘கணீர்’ என்றால் நல்லது. ‘பொத்’ என்று அடங்கிய சத்தம் வந்தால் உள்ளே பொந்து இருக்கலாம்.
* ஓட்டை, சாறு வடிந்த தடம், மரத்தூள் இருந்தால் அந்த மரம் வேண்டாம்.

முக்கியமான ஒன்று: வைரம் பார்க்கிறேன் என்று 14 மரத்திலும் கொத்திப் பார்க்க விடாதீர்கள். வேம்பில் வெட்டுக்காயம் மூடி வளரும். பனைக்குக் காயம் ஆறாது; அந்த வழியே தண்ணீரும் பூச்சியும் உள்ளே போகும். பதநீர் இறக்கும் மரத்தையும் விட்டுவிடுங்கள்.

ஆண்பனையா, பெண்பனையா எது உறுதி என்பதில் ஊருக்கு ஊர் ஒரு பேச்சு உண்டு. வெட்டிய முகத்தைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஓரத்தில் கருத்த நார்ப்புள்ளிகள் நெருங்கி நிற்கும். உள்ளே போகப் போக இடைவெளி விழும். அந்தக் கருவட்டம் எத்தனை அங்குலமோ, அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் கை. மேலே போகப் போக கருவட்டம் மெலியும். அதனால் நுனித் துண்டைக் கூரைக்கு ஏற்றாதீர்கள். வேலிக்கோ, விறகுக்கோ போகட்டும்.

வேம்பு, பூவரசு எதற்கு?

தூண், உத்திரம், நிலை, கதவுக்கு இவை நல்ல மரங்கள். இரண்டின் வைரத்தையும் கரையான் எளிதில் தொடாது. ஆனால் வெளிறிய வெள்ளைப் பகுதிக்கு அந்தக் குணம் இல்லை. அறுக்கும்போது ஓரத்து வெள்ளையைக் கழித்துவிடச் சொல்லுங்கள். பட்டையில் வெடிப்பு நேராக ஓடாமல் கயிறு முறுக்கியதுபோலச் சுற்றி ஓடினால், உள்ளேயும் ரேகை முறுக்கித்தான் இருக்கும். அந்த மரம் காயும்போது நெளியும், நிலைக்கு ஆகாது. தூணை மண்ணில் புதைக்காமல் கல் பாதத்தின் மேல் நிறுத்துங்கள்.

வெட்டிய பிறகு...

தேய்பிறையில் வெட்டுவது பெரியவர்கள் வழக்கம். அதோடு, மழை ஓய்ந்த காலமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் கிடக்கும் பச்சை மரத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். பிளந்த கையை வெயிலில் போடாமல் நிழலில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், வரிசைக்கு வரிசை குறுக்குக் கட்டை வைத்து அடுக்குங்கள். முனைகளில் பெயின்ட் அடித்துவிட்டால் வெடிப்பு குறையும். ஒரு கையில் அடையாளம் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கூரையில் ஏற்றும்போது கையைப் படுக்கப் போடாமல் நிறுத்திப் போடுங்கள். 2-க்கு 4 அங்குலக் கையை நிறுத்திப் போட்டால், படுக்கப் போட்டதைவிட வளையாமல் நிற்கும் திறன் 4 மடங்கு கூடும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வெட்டாமலே கிடைக்கும் கை

உங்கள் வட்டாரத்தில் பழைய ஓட்டு வீடுகளை இடித்து கான்கிரீட் போடுகிறார்கள் அல்லவா? அந்த வீட்டுப் பனங்கைகள் பல வருஷம் காய்ந்தவை. இனி நெளியாது, சுருங்காது. வாங்கும்போது சுவருக்குள் இருந்த முனையைக் கட்டாயம் பாருங்கள். ஈரம் பிடித்து உளுப்பது அங்கேதான். உளுத்திருந்தால் அந்த முனையை அறுத்துத் தள்ளிய பிறகும் 8 அடி தேறுமா என்று அளந்து வாங்குங்கள். ஆணி முழுவதையும் பிடுங்கிய பிறகே வாளுக்குக் கொடுங்கள்.

அனுமதி

பனை நம் மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ம் ஆண்டு தமிழக அரசின் முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். ‘சொந்தப் பட்டா நிலம்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வியாபாரி சொன்னாலும், பதில் சொல்ல வேண்டியவர் நிலத்துக்காரர்தான். எழுத்துப்பூர்வமான அனுமதி கைக்கு வரும்வரை முன்பணம் வாங்காதீர்கள்.

இதே விஷயத்தில் வந்த மற்ற கேள்விகள்

‘இடி விழுந்து மொட்டையான பனை கைக்கு ஆகுமா?’

கொண்டை போன பனையில் மழைத்தண்ணீர் உச்சி வழியே இறங்கி, உள்சோறு அழுகும். வெளி வைரம் சில காலம் தாங்கும். அதனால் தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும். அடித்துண்டின் கருவட்டம் கெட்டியாக இருந்தால் பயன்படுத்தலாம். பட்ட மரம் என்றாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்து, அனுமதி பெற்றே வெட்டுங்கள்.

‘காய்ப்பு நின்ற தென்னையைக் கூரைக்குப் போடலாமா?’

60 வயதைத் தாண்டிய மரத்தின் அடிப்பகுதியில், வெளி ஓரம் மட்டும் போடலாம். அந்த ஓரம் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் கனக்கும். நடுப்பகுதி 400 கிலோகூட வராது. ஏறுவதற்குப் படி வெட்டிய இடங்களில் வலு குறைவு. சாய்ந்த தென்னையை மண்ணில் கிடத்தி வைத்தால் வீணாகிவிடும். சீக்கிரமே அறுத்து அடுக்க வேண்டும்.

‘புதிதாகப் போட்ட கையிலிருந்து மாவு கொட்டுகிறதே?’

துளைப்பான் வண்டு. பெரும்பாலும் செதுக்காமல் விட்ட சோற்றுப் பகுதியில்தான் இருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, 95 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ போரிக் ஆசிட், 3 கிலோ போராக்ஸ் கரைத்து, மரம் ஊறும்படி இரண்டு மூன்று முறை பூசுங்கள். மழையில் கரைந்துவிடும் என்பதால் ஓட்டுக்கு உள்ளே இருக்கும் மரத்துக்கு மட்டுமே இது உதவும். மாடு நக்காமலும், தீவனத்தில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கருவட்டமே ஓட்டையாகியிருந்தால், அந்தக் கையை மாற்றுவதுதான் வழி.

கடைசியாக, கேள்வி கேட்ட வாசகருக்கு... அந்த 14 பனையை விதைத்தவர் அதில் வீடு கட்டவில்லை. உங்களுக்காக விட்டுப் போயிருக்கிறார். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்றோடு நிறுத்துங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது, வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கொட்டையை வரப்போரம் புதைத்துவிடுங்கள். பேரப்பிள்ளை வீடு கட்டும்போது மரத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.