கரடிக் காட்டில் ரிவால்வரை நெஞ்சில் மாட்டுவது ஏன்? அலாஸ்கா போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சியாட்டிலில் வேலை பார்க்கும் நண்பர் அலாஸ்கா ட்ரெக்கிங் படங்களை அனுப்பியிருப்பார். பனிமலை, ஆறு, சால்மன் மீன். கூடவே வழிகாட்டியும் நிற்பார். அவர் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு தோல் உறை, அதில் ஒரு பெரிய ரிவால்வர். சினிமாவில் போலீஸ்காரர் இடுப்பில்தானே வைப்பார், இவர் மட்டும் ஏன் நெஞ்சில் மாட்டியிருக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

அது ஸ்டைலுக்காக இல்லை. ஹோல்ஸ்டர் எனப்படும் அந்த உறையை எங்கே மாட்டுவது என்பது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அடுத்த விடுமுறைக்கு நீங்களும் அங்கே போகும் திட்டத்தில் இருந்தால், கடைசிப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

ஏன் இவ்வளவு பெரிய ரிவால்வர்?

பழுப்புக் கரடியின் மண்டையோடு கனமானது, தசை தடிமனானது. அதனால் சாதாரண கைத்துப்பாக்கியை அங்கே பலரும் நம்புவதில்லை. 1955-இல் அறிமுகமான .44 மேக்னம் தோட்டாவும் அதைவிடப் பெரியவையும்தான் அவர்கள் தேர்வு.

சக்தி கூடினால் எடையும் கூடும். 4 அங்குலக் குழல் கொண்ட .44 மேக்னம் ரிவால்வர் ஒன்று சுமார் 1.2 கிலோ இருக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003-இல் கொண்டுவந்த .500 மேக்னம் ரிவால்வரின் நீளக்குழல் வகை ஏறக்குறைய 2 கிலோ. நாள் முழுக்க இதைச் சுமந்து நடக்கணும், ஆற்றில் இறங்கணும், பாறையில் ஏறணும்.

இரண்டே விநாடிதான்

பழுப்புக் கரடி மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. அப்படின்னா விநாடிக்கு 15 மீட்டருக்கும் மேல். 30 மீட்டர் தள்ளிப் புதரிலிருந்து அது பாய்ந்தால், உங்களிடம் வந்து சேர இரண்டு விநாடிதான் ஆகும்.

அந்த இரண்டு விநாடிக்குள் ஜிப்பைத் திறந்து, பட்டையை விலக்கி, துப்பாக்கியைத் தேடி எடுக்க முடியுமா? பைக்குள் இருக்கும் துப்பாக்கி, வீட்டில் இருக்கும் துப்பாக்கிக்குச் சமம்.

இடுப்பா, தோளா, நெஞ்சா?

*இடுப்பு:* பழகிய இடம், எடை இடுப்பில் இறங்கும், கை தானாகப் போகும். ஆனால் ட்ரெக்கிங் பையின் இடுப்புப் பட்டை சரியாக அதே இடத்தில்தான் வரும். மழைக்கோட்டு போட்டால் உறை மறைந்துவிடும். மீன்பிடிக்க வேடர்ஸ் எனப்படும் நீர்புகா உடையில் ஆற்றில் இறங்கினால் துப்பாக்கி தண்ணீருக்குள் போய்விடும்.

*குறுக்கு இடுப்பு:* வலக்கைக்காரர் இடப்பக்கம் மாட்டுவது. ஜீப்பிலோ படகிலோ உட்கார்ந்தபடியே எடுக்கலாம். பைப் பட்டைப் பிரச்சினை இதிலும் தீராது.

*தோள்:* அக்குளுக்குக் கீழே தொங்கும். கோட்டுக்குள் மறைக்க வசதி, ஆனால் காட்டில் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. பையின் தோள்பட்டையோடும் சிக்கும்.

*நெஞ்சு:* பையின் பட்டைகள் இரு பக்கமும் போக, நடுவில் இடம் காலியாக இருக்கும். கோட்டுக்கு மேலேயே மாட்டலாம், தண்ணீருக்கு மேலே நிற்கும். உட்கார்ந்தாலும் மல்லாந்து விழுந்தாலும் கைக்கு எட்டும். வழிகாட்டிகள் பலர் இதையே விரும்புவது இதனால்தான்.

குறைகளும் உண்டு. கேமரா, பைனாகுலர் பட்டைகள் இதோடு மோதும். உருவும்போது குழல் உங்கள் இடக்கைப் பக்கமாகத் திரும்பும், அந்தக் கையை ஒதுக்கி வைக்கப் பழகணும். குழல் ரொம்ப நீளம் என்றால் முழுதாக உருவவே கை நீளாது.

தோலா, கைடெக்ஸா?

தோல் உடம்போடு படியும், சத்தம் வராது, துப்பாக்கியின் மேற்பூச்சைக் கீறாது. ஆனால் நனைந்தால் காய நாளாகும். ஈரத் தோலுக்குள் துப்பாக்கியை அப்படியே விட்டால் துரு பிடிக்கும். இரவில் வெளியே எடுத்துத் துடைத்து வைக்கணும்.

கைடெக்ஸ் என்பது சூட்டில் வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக். மழை, உப்புக்காற்று எதுவும் பாதிக்காது, துப்பாக்கி 'க்ளிக்' என்று உட்காரும். மணல் புகுந்தால் மேற்பூச்சைத் தேய்க்கும், அவ்வளவுதான். துணிபோலத் தொங்கும் மலிவு நைலான் உறை வேண்டவே வேண்டாம். அதன் வாய் மடங்கிக்கொள்ளும், துப்பாக்கியைத் திரும்பச் செருகுவதே ஆபத்தாகும்.

வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

- விசைப்பகுதி முழுவதும் மூடியிருக்க வேண்டும். கிளையோ கோட்டுக் கயிறோ உள்ளே நுழையக் கூடாது.
- உங்கள் மாடலுக்கும் குழல் நீளத்துக்கும் அளவெடுத்ததாக இருக்க வேண்டும். இரண்டும் .44 மேக்னம்தான் என்பதால் ஒன்றின் உறை மற்றொன்றுக்குப் பொருந்தாது.
- குனிந்தாலும் விழுந்தாலும் துப்பாக்கி நழுவாத பிடிமானம் வேண்டும். பட்டை இருந்தால் ஒரே கட்டைவிரலால் விலக வேண்டும்.
- தோட்டா இல்லாத துப்பாக்கியுடன், அதே கோட்டு, அதே பை, அதே கையுறையோடு பலமுறை உருவிப் பாருங்கள். கடையில் டீ-ஷர்ட்டோடு பார்த்தது காட்டில் உதவாது.

சரி, துப்பாக்கி காப்பாற்றுமா?

இதுதான் முக்கியமான கேள்வி. அலாஸ்காவில் நடந்த கரடிச் சம்பவங்களை ஆய்வு செய்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சுட்டாலும் சுடாவிட்டாலும் காயமடைந்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை என்றது. எடுக்க நேரமில்லாமல் போனதும் துப்பாக்கி பலருக்கு உதவாததற்கு ஒரு காரணம். அதே குழுவினரின் 2008 ஆய்வில், கரடி ஸ்ப்ரே பயன்படுத்திய நெருக்கமான சம்பவங்களில் இருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பியிருந்தார்கள். இரண்டு ஆய்வுகளின் சம்பவங்களும் ஒரே மாதிரியானவை அல்ல, அதனால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் சாதாரணப் பயணிக்கு அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை சொல்வது மிளகாய்க் காரம் கொண்ட அந்த ஸ்ப்ரேயைத்தான்.

ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது. ஸ்ப்ரேயையும் இடுப்பிலோ நெஞ்சிலோதான் மாட்டணும், பைக்குள் போடக் கூடாது.

விசாவில் இருக்கிறீர்களா? இதைக் கவனியுங்கள்

2010 பிப்ரவரி முதல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அலாஸ்காவில் 21 வயதானவர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டுகூடத் தேவையில்லை. இதைக் கேட்டு 'அப்போ நாமும் ஒன்று வாங்கலாமே' என்று நினைக்காதீர்கள்.

எச்-1பி, எஃப்-1, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. முறையான வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. 'நண்பருடையது, கொஞ்ச நேரம் வைத்திரு' என்று யாராவது உங்கள் நெஞ்சில் மாட்டிவிட்டாலும் சிக்கல் உங்களுக்குத்தான். சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம் இது. விசாவுக்கும் வேலைக்கும் வரும் பாதிப்பு தனி.

ஸ்ப்ரேக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் விமானத்தில் கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, அதற்கு அனுமதி கிடையாது. இறங்கிய ஊரில் வாங்குங்கள், காலாவதி தேதியைப் பாருங்கள். போகும் பூங்காவின் விதியையும் பாருங்கள். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் கரடி ஸ்ப்ரேக்கே தடை.

மற்றபடி கூட்டமாகப் போங்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள், சாப்பாட்டைத் திறந்து வைக்காதீர்கள். நீங்கள் வருவது முன்பே தெரிந்தால் பெரும்பாலான கரடிகள் தாமாகவே விலகிப் போய்விடும்.