தேவை 42, கையில் இருப்பது 29: போர் விமானங்களை ஏன் நினைத்தவுடன் வாங்க முடியாது?

சண்டிகரில் 2025 செப்டம்பர் 26 அன்று மிக்-21 போர் விமானங்கள் கடைசியாகப் பறந்து விடைபெற்றன. 1963-ல் சேவைக்கு வந்த ரகம், 62 ஆண்டுகள் ஓடிவிட்டது. 2019 பிப்ரவரியில் அபிநந்தன் ஓட்டிச் சென்றது நினைவிருக்கிறதா? அதுவும் மிக்-21தான், மேம்படுத்தப்பட்ட பைசன் ரகம்.

இந்த ஓய்வோடு இந்திய விமானப்படையின் போர் விமான ஸ்குவாட்ரன்கள் 29 ஆகக் குறைந்துவிட்டன. அரசு அனுமதித்திருக்கும் எண்ணிக்கை 42. “அதான் தேஜஸ் ஆர்டர் கொடுத்தாச்சே, அப்புறம் என்ன?” என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

ஸ்குவாட்ரன் என்றால் என்ன?

16 முதல் 18 விமானங்கள், அவற்றை ஓட்டும் பைலட்கள், பராமரிக்கும் டெக்னீஷியன்கள், உதிரி பாகங்கள், ஆயுதங்கள் எல்லாம் சேர்ந்த ஓர் அணிதான் ஸ்குவாட்ரன். தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய்-30 ஸ்குவாட்ரன் ஒன்று தொடங்கப்பட்டதே, அதுபோல. பாகிஸ்தான், சீனா என இரண்டு எல்லைகளிலும் ஒரே நேரத்தில் சண்டை வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை வைத்துத்தான் 42 என்ற எண்ணிக்கை பேசப்படுகிறது.

புதிய விமானங்கள் வந்தால் சரியாகிவிடுமா?

2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்குச் சுமார் ரூ.48,000 கோடிக்கு எச்ஏஎல் நிறுவனத்திடம் ஆர்டர் கொடுக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் மேலும் 97 விமானங்களுக்கு ரூ.62,370 கோடி. மொத்தம் 180. ஸ்குவாட்ரன் கணக்கில் ஏறத்தாழ 10.

29-ஐயும் 10-ஐயும் கூட்டினால் 39 வந்துவிடுகிறதே! அங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. இப்போதுள்ள 29-ல் ஜாகுவார் 6, மிராஜ்-2000 3, மிக்-29 3 ஸ்குவாட்ரன்கள் இருக்கின்றன. ஜாகுவார் 1979-லும், மற்ற இரண்டும் 1980-களிலும் படைக்கு வந்தவை. அடுத்த 10, 15 ஆண்டுகளில் இந்த 12 ஸ்குவாட்ரன்களும் கட்டம் கட்டமாக வெளியேற வேண்டியவை. ஒருபக்கம் 10 வரும், இன்னொரு பக்கம் 12 போகும். ரூ.1 லட்சம் கோடிக்கு மேல் செலவழித்தும் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்போம்.

வேகத்திலும் இடைவெளி இருக்கிறது. ஆண்டுக்கு 35 முதல் 40 விமானங்கள் வேண்டும் என்று விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங் 2025-ல் சொன்னார். எச்ஏஎல்லுக்கு பெங்களூருவில் இரண்டு, நாசிக்கில் ஒன்று என மூன்று தேஜஸ் உற்பத்தி வரிசைகள் உள்ளன. மூன்றும் முழு வேகத்தில் ஓடினால்கூட ஆண்டுக்கு 24 விமானங்கள்தான்.

ஏன் இவ்வளவு தாமதம்?

போர் விமானத்தில் இன்றைய பற்றாக்குறை என்பது 15, 20 வருஷத்துக்கு முன்பு எடுத்த, அல்லது எடுக்காமல் தள்ளிப்போட்ட முடிவுகளின் பலன். இரண்டு உதாரணங்கள்.

முதலாவது ரஃபேல். 126 விமானங்கள் வாங்க 2007-ல் டெண்டர் விடப்பட்டது. 2012-ல் ரஃபேல் தேர்வானது. விலை, உற்பத்திப் பொறுப்பு என்று பேச்சுவார்த்தை இழுத்து, 2015-ல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. பதிலாக 2016-ல் 36 விமானங்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. கடைசி விமானம் வந்து சேர்ந்தது 2022 டிசம்பரில். 15 ஆண்டுகள் ஓடின, கிடைத்தது 2 ஸ்குவாட்ரன்.

இரண்டாவது தேஜஸ். திட்டம் தொடங்கியது 1983-ல், முதல் விமானம் பறந்தது 2001-ல், முதல் ஸ்குவாட்ரன் உருவானது 2016-ல். மார்க்-1ஏ ரகம் 2024 மார்ச்சுக்குள் வரத் தொடங்கியிருக்க வேண்டும். மிக்-21 விடைபெற்ற நாள்வரை ஒன்றுகூட படையில் சேரவில்லை. முக்கியக் காரணங்களில் ஒன்று இன்ஜின். அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திடம் 2021-ல் 99 இன்ஜின்கள் கேட்டோம், முதல் இன்ஜின் வந்ததே 2025 மார்ச்சில்தான். நம்முடைய காவேரி இன்ஜின் திட்டத்துக்கு 1989-லேயே அனுமதி கிடைத்தது, ஆனால் தேஜஸுக்குத் தேவையான உந்துவிசையை அது எட்டவில்லை. சொந்த இன்ஜின் இல்லாதவரை நம் காலண்டரை இன்னொரு நாடுதான் எழுதும்.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

போதாது. ஹேங்கரில் நிற்கும் விமானம் வேறு, நாளை காலை பறக்கத் தயாராக இருக்கும் விமானம் வேறு. சுகோய்-30 விமானங்களில் 75 சதவீதம் எப்போதும் தயாராக இருக்க வேண்டிய இடத்தில் 55 முதல் 60 சதவீதம்தான் இருந்ததாக 2015-ல் சிஏஜி அறிக்கை சுட்டிக்காட்டியது.

பைலட் கணக்கும் கவலை தருவதுதான். 2015-ல் 486 ஆக இருந்த பைலட் பற்றாக்குறை 2021 இறுதியில் 596 ஆக உயர்ந்துவிட்டதாகப் பின்னாளில் வந்த இன்னொரு சிஏஜி அறிக்கை சொன்னது. பைலட்டை ஆர்டர் போட்டு வரவழைக்க முடியாது. ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, தனியாகப் போருக்கு அனுப்பும் நிலைக்குக் கொண்டுவரப் பல வருடங்கள் பிடிக்கும்.

வானிலேயே எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானங்கள் மொத்தப் படைக்கும் சேர்த்து 6 மட்டுமே, அவையும் 2003-ஐ ஒட்டி வந்தவை. இவை இல்லாவிட்டால் போர் விமானம் தூரமாகவும் போக முடியாது, நீண்ட நேரம் வானில் நிற்கவும் முடியாது.

ட்ரோன் காலத்தில் இதெல்லாம் தேவையா?

நியாயமான கேள்வி. 2025 மே மாத மோதலில் ட்ரோன்களும் தொலைதூர ஏவுகணைகளும் எஸ்-400 போன்ற வான் பாதுகாப்பு அமைப்புகளும் பெரிய பங்கு வகித்தன. 42 என்ற எண்ணை மறுபரிசீலனை செய்யலாம் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் ட்ரோனால் எல்லா வேலையையும் செய்ய முடியாது. சீனா தன் ஜே-20 ஸ்டெல்த் விமானத்தை 2017-லேயே படையில் சேர்த்துவிட்டது. நம்முடைய ஸ்டெல்த் விமானமான ஆம்காவின் உருவாக்கத்துக்கு ரூ.15,000 கோடி ஒதுக்கி அனுமதி கிடைத்ததே 2024-ல்தான்.

அடுத்து எதைக் கவனிக்கலாம்?

அடுத்த முறை “ரூ.60,000 கோடியில் போர் விமானங்கள்” என்று போனில் நோட்டிஃபிகேஷன் வந்தால், தொகையோடு நிறுத்திவிடாதீர்கள். முதல் விமானம் எப்போது வரும்? இன்ஜின் எங்கிருந்து வரும்? அதே காலத்தில் எத்தனை பழைய விமானங்கள் போகும்? ஓட்ட ஆள் இருக்கிறார்களா? இந்த நாலு கேள்விக்கும் செய்தியில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய விமானத்தோடு கூடுதலாகச் சில ஆண்டுகள் ஓட்டும் ரிஸ்க் கடைசியில் அந்த காக்பிட்டில் உட்காரும் இளம் பைலட்டின் தலையில்தான் விழுகிறது.