அணுத்தூசியும் பசுல்லா சாலையும்

அணுகுண்டின் வெப்பமும் அதிர்வலையும் வெடித்த சில நொடிகளில் தம் வேலையை முடித்துவிடுகின்றன. அவற்றால் சாவது யார் என்பதைக் குண்டு விழும் இடம் தீர்மானிக்கிறது. அணுத்தூசி அப்படியல்ல. அது யார் தலையில் இறங்கும் என்பது காற்றின் கையிலும் மழையின் கையிலும் இருக்கிறது. குண்டைப் போட்டவருக்கே அதன்மேல் பிடி கிடையாது.

தரையை ஒட்டி வெடிக்கும் குண்டின் தீப்பிழம்பு மண்ணையும் கல்லையும் கட்டடத்தையும் ஆவியாக்கி மேலே இழுக்கிறது. அணுக்கள் பிளந்ததால் உண்டான நூற்றுக்கணக்கான கதிரியக்கப் பொருள்கள் அந்த ஆவியில் கலந்து, சூடு ஆறும்போது துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. பருமனான துகள்கள் சில மணி நேரத்தில் விழுந்துவிடும். நுண்துகள்கள் வாரக்கணக்கில் அலைந்து மழையோடு இறங்கும். மெகாடன் குண்டுகளின் தூசி அடுக்கு மண்டலம் வரை போய், ஓரிரு ஆண்டுகள் அங்கேயே சுற்றி, பிறகு உலகெங்கும் படியும். ஹிரோஷிமா குண்டு சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்ததால், ‘கறுப்பு மழை’ பெய்த பகுதிகளைத் தவிர, அங்கே இவ்வகைத் தூசி குறைவு. இந்த ஆபத்தின் முழு அளவு உலகுக்குப் புரிய மேலும் 9 ஆண்டுகள் ஆயின.

1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ‘பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. சுமார் 6 மெகாடன் என்று கணக்கிட்டிருந்தார்கள். வெடித்தது 15 மெகாடன். ஹிரோஷிமா குண்டைப்போல் ஆயிரம் மடங்கு. சும்மா இருக்கும் என்று நினைத்திருந்த லித்தியம்-7 வெடிப்புக்குத் துணைபோனதுதான் காரணம். பவளப் பாறை பொடியாகி, மக்கள் வாழ்ந்த ரோங்கெலாப் தீவில் வெள்ளைச் சாம்பலாக மணிக்கணக்கில் கொட்டியது. குழந்தைகள் அதை அள்ளி விளையாடினார்கள். அன்றே வாந்தியும் கண்ணெரிச்சலும் தொடங்கின. பிறகு தோல் புண்ணாகியது, முடி கொட்டியது. இரண்டு நாள் கழித்துத்தான் தீவு மக்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். சாம்பல் பட்டபோது சிறுவர்களாக இருந்தவர்களில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு கட்டிகள் வந்தன. அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் 23 பேர் மீதும் அதே சாம்பல் விழுந்தது. அந்தப் படகின் வானொலி இயக்குநர் குபோயாமா அதே செப்டம்பரில் இறந்தார்.

உடலுக்குள் இந்தத் தூசி போகும் வழி இன்னும் கொடியது. அயோடின்-131 புல்லில் படிகிறது, பசு மேய்கிறது, இரண்டொரு நாளில் பாலில் வருகிறது. குழந்தையின் தைராய்டு அதைச் சாதாரண அயோடின் என்றே எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. அதன் அரை ஆயுள் 8 நாள்தான். ஸ்ட்ரான்சியம்-90 கால்சியத்தை ஒத்தது என்பதால் எலும்பிலும் பல்லிலும் குடியேறுகிறது. அது பாதியாகக் குறைய சுமார் 29 ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958 முதல் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்துச் சோதித்தார்கள். சோதனை வெடிப்புகள் பெருகப் பெருக, பற்களில் ஸ்ட்ரான்சியமும் பல மடங்கு ஏறியிருந்தது. தாய்மார்கள் தம் பிள்ளைகளின் பல்லை அஞ்சலில் அனுப்பி நிறுவிய உண்மை அது.

பிராவோ வெடித்த ஒரு மாதத்தில், 1954 ஏப்ரல் 2 அன்று, சோதனைகளை உடனே நிறுத்திவைக்க வேண்டும் என்று நேரு நாடாளுமன்றத்தில் கோரினார். அணு வெடிப்புகளின் விளைவுகளைப் பற்றி இயற்பியலாளர் டி.எஸ். கோத்தாரி தலைமையில் எழுதப்பட்ட நூலை இந்திய அரசே 1956இல் வெளியிட்டது. அதே 1954 ஏப்ரலில்தான் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். தியாகராய நகர் பசுல்லா சாலையில் வாழ்ந்த அவர், அடுத்த ஆண்டுகளில் பொருளாதாரக் கொள்கையில் நேருவைக் கடுமையாக எதிர்த்து, 1959இல் சுதந்திராக் கட்சியையும் தொடங்கினார். அணுச் சோதனை விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். ராஜாஜி ஒரு படி மேலே போனார்: எதிரி நிறுத்தட்டும் என்று காத்திராமல் ஒரு தரப்பு தானாகவே நிறுத்த வேண்டும் என்றார். ‘சுவராஜ்யா’ வார இதழில் விடாமல் எழுதினார். கையில் குண்டே இல்லாத நாட்டின் முதியவருக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு அணுத்தூசிதான் பதில். ஒரு சோதனையின் கழிவு மூன்றாவது நாட்டுப் பிள்ளையின் எலும்பில் சேருமானால், அந்தப் பிள்ளையின் நாட்டுக்கும் அதில் பேச உரிமை உண்டு.

1962 ஜூனில் காந்தி அமைதி நிறுவனம் டெல்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு நடத்தி, வல்லரசுகளுக்குத் தூதுக்குழு அனுப்ப முடிவு செய்தது. அதுவரை மேலை நாடுகளுக்கே போகாத ராஜாஜி 83 வயதில் விமானம் ஏறினார். ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் உடன் சென்றார்கள். செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் கென்னடியைக் கண்டார்கள்; சந்திப்பு ஒதுக்கிய நேரத்தைத் தாண்டி நீண்டது. அந்த ஆண்டில் அமெரிக்கா பசிபிக்கிலும் சோவியத் யூனியன் வடதுருவப் பகுதியிலும் குண்டுகளை வெடித்துக்கொண்டுதான் இருந்தன. சந்திப்பு முடிந்த மூன்றே வாரத்தில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. 1963 ஆகஸ்ட் 5 அன்று வல்லரசுகள் மாஸ்கோவில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வானிலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனைகளைத் தடை செய்தது. மூன்று நாளில் இந்தியாவும் கையெழுத்திட்டது. இதை ராஜாஜியின் பயணத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது மிகை. கியூபா தந்த பயம், பால்பற்கள் தந்த சான்று, சோதனைகளுக்கு எதிராக வேதியியலாளர் லைனஸ் பாலிங் திரட்டிய பல்லாயிரம் விஞ்ஞானிகளின் கையெழுத்து எல்லாம் சேர்ந்துதான் அதைக் கொண்டுவந்தன. ஆனால் பாதிக்கப்படும் மூன்றாம் தரப்பின் குரலை வெள்ளை மாளிகைக்குள் நேரில் கொண்டுபோனவர் அவர்.

ஒப்பந்தத்தின் பலன் காற்றிலேயே தெரிந்தது. 1960களின் தொடக்கத்தில் வட அரைக்கோளக் காற்றில் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்த கார்பன்-14, அதன்பின் ஆண்டுக்காண்டு இறங்கியது. கையெழுத்திடாத சீனா 1980 அக்டோபர் வரை திறந்தவெளியில் வெடித்தது. கையெழுத்திட்ட வல்லரசுகளின் சோதனைகள் நிலத்தடிக்குப் போயின, குண்டுகள் குறையவில்லை. போர் என்று வந்தால் இந்த ஒப்பந்தம் ஒரு கைப்பிடித் தூசியையும் தடுக்காது.

அப்படியொரு போரில் சென்னைக்கு அருகே சில நூறு கிலோடன் குண்டு தரையில் வெடித்தால் தூசி எந்தப் பக்கம் போகும்? ஜூன் முதல் செப்டம்பர் வரை இதற்கு விசித்திரமான பதில் கிடைக்கிறது. தரையை ஒட்டிய காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் கரையோரத்தில் திசை மாறும். ஆனால் 15 கி.மீ. உயரத்தில், ஏறத்தாழ சென்னையின் அட்சரேகையை ஒட்டியே, மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் பாய்கிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1958இல் விவரித்த வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று அது. எனவே வெடிப்பின் காளான் மேகத்தின் தண்டு வங்கக் கடலுக்கும், தலை வேலூர், கிருஷ்ணகிரி பக்கமும் போகும். மழை குறுக்கிட்டால் கணக்கு மறுபடி மாறும். 1953 ஏப்ரலில் நெவாடாவில் வெடித்த குண்டின் தூசி, 3,000 கி.மீ.க்கும் அப்பால் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் இடிமழையோடு கொட்டியது. அங்கிருந்த கல்லூரி ஆய்வகத்தின், கதிரியக்கத்தை அளக்கும் கெய்கர் கருவிகள் காட்டிக்கொடுத்திராவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

தூசியின் கதிர்வீச்சு வேகமாகத் தணியும் என்பது ஒன்றே ஆறுதல். வெடித்த 1 மணி நேரத்தில் இருக்கும் அளவு, 7 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்காகும். 2 நாளில் நூறில் ஒன்று. 2 வாரத்தில் ஆயிரத்தில் ஒன்று. ஆகவே முதல் இரண்டு நாள் எங்கே இருக்கிறோம் என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. சுமார் 6 செ.மீ. கான்கிரீட் இந்தக் கதிர்வீச்சைப் பாதியாக்கும். அடையாறின் அடுக்குமாடிக் கட்டடங்களில் தூசி சேரும் மொட்டைமாடிக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட தளங்களின் உள்ளறைகள் ஓரளவு பாதுகாப்பானவை. மயிலாப்பூர் மாடவீதிகளின் பழைய ஓட்டு வீடுகளுக்கு அந்த வசதி இல்லை.

தண்ணீரும் பாலும் அடுத்த பிரச்சினை. கொதிக்கவைத்தால் கதிரியக்கம் போகாது. ஆர்.ஓ. கருவி பெருமளவு வடிகட்டும், ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயமான நகரம் இது; மாடியில் விழுந்த தூசியை முதல் மழையே குழாய் வழியாகக் கிணற்றுக்குக் கொண்டுபோய்விடும். அந்தக் குழாய்களை முன்கூட்டியே கழற்றித் திருப்பிவிட வேண்டியிருக்கும். பாலைப் பவுடராக்கி மூன்று மாதம் வைத்திருந்தால் அயோடின்-131 ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்; அதுவரை குழந்தைகளுக்குப் பழைய இருப்பிலிருந்துதான் பால் தர முடியும். சென்னைக்குக் குடிநீர் தரும் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் எல்லாமே திறந்த ஏரிகள். அவற்றின் வண்டலில் தங்கும் சீசியம்-137 பாதியாவதற்கு 30 ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் தூர்வாரிய மண்ணை வயலுக்கு எடுத்துப்போக முடியாது.