தலைவர் நாற்காலிச் சண்டையும் தெருக்குழாயும்

2025 ஜூலையில் சங்கரன்கோவில் நகராட்சித் தலைவர் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பதவி இழந்தார். எதிர்த்து வாக்களித்தவர்களில் அவருடைய கட்சிக்காரர்களும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு காஞ்சிபுரம் மேயர்மீது இதே போன்ற தீர்மானம் வந்தபோது, வாக்கெடுப்புக்கு உறுப்பினர்கள் வராததால் அது தோற்றது.

தலைவரையும் மேயரையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 2022இல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். கட்சித்தாவல் தடைச் சட்டம் எம்.பி., எம்.எல்.ஏ.க்களோடு நின்றுவிடுகிறது. கேரளம் உள்ளாட்சிக்கென்று 1999இல் தனிச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. அதனால் கவுன்சிலர்கள் அணி மாறினாலே தலைவரின் நாற்காலி ஆடத் தொடங்கிவிடும்.

இந்தச் சண்டையின் பாதிப்பு நம் தெருவுக்கு எப்படி வருகிறது? குடிநீர்க் குழாயை மாற்றப் பொறியியல் பிரிவு மதிப்பீடு தயாரித்து, நகர்மன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கிறது. கூட்டம் தொடங்கியதும் ஒரு தரப்பு தரையில் உட்கார்ந்து கோஷம் போடுகிறது, இன்னொரு தரப்பு வெளிநடப்பு செய்கிறது. தீர்மானப் புத்தகத்தில் ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று ஒரு சொல் ஏறுகிறது. அடுத்த கூட்டத்திலும் அதே சொல். தெருவில் பெண்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஆனால் எல்லாமே மன்றத்தை நம்பி இல்லை. பிறப்பு, இறப்புச் சான்றிதழ், சொத்துவரிப் பெயர் மாற்றம், குப்பை அள்ளுதல், தெருவிளக்குப் பழுது எல்லாம் ஆணையரின் கீழ் உள்ள அலுவலகம் அன்றாடம் செய்ய வேண்டிய வேலை. “மன்றம் முடங்கிக் கிடக்கு, நான் முடிச்சுத் தர்றேன்” என்று எவராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமே கிடையாது.

“இந்த மன்றத்தையே கலைத்துவிட்டால் நிம்மதி” என்று பலர் சொல்வதைக் கேட்கிறேன். வேண்டாம். கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தவேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 243யு பிரிவு. ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே ஆண்டார்கள். கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டக்கூட வழியில்லாமல் இருந்தது.

கலைப்பதைவிடப் பலன் தருவது தகவல் உரிமைச் சட்டம். நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு எழுதுங்கள். ‘ஏன் வேலை நடக்கவில்லை’ என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். உங்கள் தெருக் குழாய்ப் பணியின் மதிப்பீட்டு நகல், அது எந்தெந்தத் தேதியில் மன்றத்துக்கு வந்தது, அந்தக் கூட்டங்களின் தீர்மான நகல், வருகைப் பதிவேட்டின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். எந்தக் கவுன்சிலர் வந்தார், எவர் வரவில்லை என்பது அதில் தெரிந்துவிடும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கிடைத்த நகல்களை, வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். 2022 நவம்பர் 1இல் தொடங்கிய இந்தச் சபைகள் பல வார்டுகளில் வெறும் கையெழுத்துச் சடங்காக இருப்பது உண்மைதான். ஆனாலும் அக்கம்பக்கத்தார் பத்துப் பேரோடு போய், கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். வேலை முடங்கியதற்குப் பின்னால் ஊழல் இருப்பதாக ஆதாரம் கிடைத்தால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தில் புகார் செய்யலாம். அங்கே அதிகாரிகள்மீது மட்டுமல்ல, கவுன்சிலர், தலைவர்மீதும் புகார் கொடுக்க முடியும்.