எலுமிச்சையும் முட்டையும்

கொதிக்கும் பாலில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை விட்டால் பால் திரிந்துவிடும். இது எல்லா வீட்டுக்கும் தெரிந்த செய்தி. அதே சாற்றை முட்டையோடும் சர்க்கரையோடும் கலந்து இளஞ்சூட்டில் கிண்டினால்? திரிவதில்லை. வழவழப்பான மஞ்சள் நிறக் கூழ் கிடைக்கிறது! இங்கிலாந்தில் இதை ‘லெமன் கர்ட்’ என்று அழைத்து ரொட்டியில் தடவி உண்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘எலுமிச்சைத் தயிர்’ என்று எண்ணிவிடாதீர்கள். இதில் தயிர் துளியும் இல்லை.

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் வட்டாரத் தோட்டங்களில் எலுமிச்சை விளைகிறது. கோடையில் ஏறும் விலை மழைக்காலத்தில் சரிந்து, சில வேளை பறிகூலிக்கே கட்டாமல் போகும். பழம் மலிந்த அத்தகைய நாளில் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள்.

2 முட்டை, 100 கிராம் சர்க்கரை, 4 பழத்தின் சாறு (ஏறத்தாழ 60 மில்லிலிட்டர்), 50 கிராம் வெண்ணெய் ஆகியன போதும். முட்டையையும் சர்க்கரையையும் நன்றாக அடித்துச் சாற்றைச் சேருங்கள். பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்காமல், கொதிநீருள்ள வேறொரு பாத்திரத்தின் மேல், நீரில் படாமல் ஆவி மட்டும் தாக்கும்படி வையுங்கள். கை ஓயாமல் கிண்டுங்கள். பத்து நிமிட அளவில் கூழ் கெட்டிப்படும். கரண்டியின் முதுகில் படிந்த கூழில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். உடனே இறக்கி வெண்ணெயைக் கலந்துவிடுங்கள்.

இனி உள்ளே நடந்ததைக் காண்போம். முட்டையின் புரத மூலக்கூறு ஒவ்வொன்றும் சுருட்டிய நூல்கண்டு போன்றது. சூடு ஏறினால் கண்டு அவிழும். அவிழ்ந்த நூல்கள் ஒன்றோடொன்று பின்னி வலையாகி நீரைச் சிறைப்பிடிக்கும். வெள்ளைக்கரு 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியதும் உறையத் தொடங்குவது இதனால்தான். சர்க்கரை இந்த அவிழ்தலைத் தாமதப்படுத்துகிறது. நமக்குக் கிண்ட நேரம் கிடைக்கிறது.

அமிலத்தின் கதை இன்னும் சுவையானது. பாலிலுள்ள கேசீன் துகள்கள் எதிர் மின்னூட்டம் பெற்றவை. அதனால் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே மிதக்கின்றன. பாலின் பி.எச். அளவு 4.6 வரை இறங்கும்போது மின்னூட்டம் சமனாகி, விலக்கு விசை போய்விடுகிறது. துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்கின்றன. நம் கூழிலோ சாறு மிகுதி. முட்டைப் புரதங்கள் அந்தச் சமநிலையையும் கடந்து நேர் மின்னூட்டம் பெறுகின்றன. மீண்டும் விலக்கு! ஆகவே பெருங்கட்டிகள் உருவாவது கடினம்; மெல்லிய வலையே உண்டாகிறது. ஆனாலும் கூழைக் கொதிக்கவிட்டால் வலை இறுகி, நீரைப் பிழிந்து தள்ளும். கூழ் திட்டுத்திட்டாகிவிடும். வெண்ணெய் உருகினால் மறுபடி உறையும். இறுகிய முட்டையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை.

ஓர் எச்சரிக்கை. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தை ஸ்வீடன் நாட்டு வேதியியலர் ஷீலே 1784-இல் படிகமாகப் பிரித்தெடுத்தார். இந்த அமிலம் ஈயம் பூசாத பித்தளையைத் தின்று, செம்பை உணவில் கரைத்துவிடும். அது வாந்தியை உண்டாக்கலாம். அலுமினியமும் ஆகாது. எவர்சில்வரே சரி. பாட்டி காலத்துப் பித்தளைச் சட்டியை ஆசைப்பட்டு இறக்கிவிடாதீர்கள்.

இவ்வளவு புளிப்பு இருந்தும் இந்தக் கூழ் வெகுநாள் தாங்காது. முட்டை கலந்தது அல்லவா? குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்றே தின்று தீர்த்துவிடுங்கள். மூட்டைக் கணக்கில் தேங்கிய பழத்துக்கு இது வழியாகாது. அதற்கு நம் ஊறுகாய்தான். அங்கே உப்பு, கிருமிகளுக்கு வேண்டிய நீரை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் காவல் நிற்கிறது.