விரலில் வைத்த மை ஏன் போகவில்லை?

மாணவர்களே, இந்த நாளிதழைப் பிடித்திருக்கும் உங்கள் கட்டைவிரலை ஒரு முறை பாருங்கள். ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்திருந்தால் இலேசாகக் கறுத்திருக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் உடனே போய்விடும். ஆனால் தேர்தல் நாளில் வாக்களித்துவிட்டு வரும் பெரியவர்களின் ஆள்காட்டி விரலில் ஒரு கறை இருக்குமே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? சட்டி பானை கழுவினாலும் துணி துவைத்தாலும் அது அவ்வளவு சீக்கிரம் போகக் கூடாது. இரண்டுக்கும் பெயர் மைதான். ஒன்று ஒட்டவே மாட்டேன் என்கிறது, இன்னொன்று விடவே மாட்டேன் என்கிறது. ஏன்?

முதலில் நாளிதழ் மை. அதில் கறுப்பாக இருப்பது கரித்தூள். அதை எண்ணெயில் குழைத்திருப்பார்கள். காகிதத்தில் அச்சானதும் எண்ணெய் காகித இழைகளுக்குள் இறங்கிவிடுகிறது. கரித்துகள்களில் ஒரு பகுதி மேலேயே தங்கிவிடுகிறது. உங்கள் விரல் பட்டதும் அவை விரலுக்கு மாறுகின்றன. இப்படிக் கரையாமல் துகளாகவே இருக்கும் நிறப்பொருளை நிறமி என்கிறோம். நம் முன்னோர் ஓலைச்சுவடியில் செய்ததும் இதுதான். எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து ஓலை மேல் பூசித் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கரி தங்கும். எழுத்து பளிச்சென்று தெரியும். கரி வெயிலில் வெளுப்பதில்லை. அதனால்தான் நூற்றாண்டுகள் கடந்த சுவடிகளையும் இன்று படிக்க முடிகிறது.

இரண்டாவது வகை சாயம். சீனி தண்ணீரில் கரைவதுபோல இது கரைந்துவிடும். ஊற்றுப் பேனா மை, உணவுக்குப் போடும் நிறம், உங்கள் பென்சில் பெட்டியில் இருக்கும் வண்ண மார்க்கர் எல்லாம் பெரும்பாலும் சாயம்தான். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். காப்பி வடிகட்டும் காகிதத்தை மூன்று துண்டாக வெட்டுங்கள். ஒன்றில் கறுப்பு மார்க்கரால் ஒரு புள்ளி, இன்னொன்றில் பால் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். மூன்றாவதில் நாளிதழின் தடித்த தலைப்பு ஒன்றை விரலால் நன்றாகத் தேய்த்து, விரலில் ஏறிய கரியை ஒற்றுங்கள். மூன்றின் நுனியையும் தண்ணீரில் நிறுத்துங்கள். புள்ளி தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீர் ஏற ஏற, மார்க்கர் புள்ளி நீலமும் சிவப்புமாகப் பிரிந்து மேலே போகும். கரி நகராது. பால் பேனா மையும் அநேகமாக நகராது. ஆனால் தண்ணீருக்குப் பதில் கைத்தூய்மித் திரவத்தை வைத்தால் அதுவும் கிளம்பிவிடும். அந்தச் சாயம் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். கறையைப் போக்க எதை எடுக்க வேண்டும் என்பதை இந்தச் சோதனையே சொல்லிவிடுகிறது. பள்ளிச் சட்டைப் பையில் பேனா கசிந்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இதில் மை குப்பிக்குள் மையாகவே இருப்பதில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில்தான் மையாக மாறுகிறது.

தஞ்சாவூர்ப் பக்கத்திலும் ஆந்திராவின் காளஹஸ்தியிலும் கலங்காரித் துணி ஓவியம் வரைகிறவர்கள் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயைக் கடித்துப் பார்த்திருந்தால் அந்தத் துவர்ப்பு நினைவிருக்கும். துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற பொருள். பால் சேர்ப்பது, வரையும் கோடு பரவாமல் இருப்பதற்காக. இன்னொரு பானையில் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் பல நாள் புளிக்கவிடுவார்கள். அந்த நீரில் மூங்கில் எழுதுகோலைத் தொட்டுத் துணியில் இழுத்தால், இரும்பும் டானினும் சேர்ந்து கோடு கறுப்பாகிறது. நூலிழைக்குள்ளேயே உருவான கறுப்பு அது. துவைத்தாலும் எளிதில் போகாது. ஐரோப்பாவில் கருவாலி மரத்தில் உண்டாகும் கழலைகளையும் இரும்பு உப்பையும் கலந்து பல நூறு ஆண்டுகள் எழுதினார்களே, அந்த மையும் இதே வேதியியல்தான்.

தேர்தல் மையும் இந்த மூன்றாவது குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தியாவில் 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலிருந்து இந்த மை பயன்படுகிறது. டில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் இதை உருவாக்கினார்கள். தயாரிப்பது மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் என்ற கர்நாடக அரசு நிறுவனம். கலவையின் முழு விவரம் இன்றும் ரகசியம். ஆனால் முக்கியமான பொருள் எது என்பது எல்லாருக்கும் தெரியும்: வெள்ளி நைட்ரேட். ஆமாம், கொலுசு செய்யும் அதே வெள்ளி. பத்து மில்லிலிட்டர் குப்பி ஒன்று ஏறக்குறைய 700 பேருக்குப் போதும் என்கிறார்கள்.

வெள்ளி நைட்ரேட் கரைசல் பார்ப்பதற்குத் தண்ணீர்போல் நிறமில்லாமல் இருக்கும். விரலில் வைத்ததும் என்ன நடக்கிறது? நம் வியர்வையில் உப்பு இருக்கிறது. அந்த உப்பின் குளோரைடும் வெள்ளியும் சேர்ந்து வெள்ளி குளோரைடு ஆகிறது. படிவம் நான்கில் வேதியியல் எடுப்பவர்கள் இதை ஆய்வுக்கூடத்தில் பார்ப்பீர்கள்: குளோரைடு இருக்கிறதா என்று சோதிக்க வெள்ளி நைட்ரேட் ஊற்றினால் வெள்ளை வீழ்படிவு வரும். அதைச் சன்னலோரம் வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்த் திரும்பி வாருங்கள், சாம்பல் நிறமாகியிருக்கும். வெளிச்சம் பட்டு வெள்ளி குளோரைடு உடைந்து, மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் உண்டாகிவிட்டன. நகை வெள்ளி பளபளக்கும். ஆனால் இவ்வளவு நுண்ணிய துகளாகிவிட்டால் கறுப்பாகத்தான் தெரியும். விரலிலும் இதேதான் நடக்கிறது. தோலில் உள்ள புரதத்தோடும் வெள்ளி பிணைந்துகொள்கிறது. சவர்க்காரம் எண்ணெயையும் அழுக்கையும் எடுக்கும். தோலுக்குள் உருவான வெள்ளியை அதனால் கரைக்க முடியாது. தாத்தா பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் கறுப்பாகத் தெரிவதும் வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பிலிருந்து வந்த வெள்ளிதான்.

அப்படியானால் வைத்தவுடன் ஊதா நிறம் தெரிகிறதே? அது கூடவே கலந்திருக்கும் சாயம். வெள்ளி கறுக்கக் கொஞ்ச நேரமாகும். அதுவரை மை வைத்தாயிற்று என்று அதிகாரியின் கண்ணுக்குத் தெரிய வேண்டுமல்லவா? சாயம் முதலில் போய்விடும், வெள்ளி நிற்கும்.

நம் நாட்டுக்கு இந்த மை வந்த கதை அவ்வளவு சுமுகமானது அல்ல. 2008 பொதுத்தேர்தலுக்காக மை வாங்கி வைத்திருந்தும், வாக்களிப்புக்கு நான்கு நாள்களே இருந்தபோது தேர்தல் ஆணையம் அதைக் கைவிட்டது. 2013ஆம் ஆண்டு 13ஆவது பொதுத்தேர்தலில்தான் முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். முன்கூட்டியே வாக்களித்த காவல்துறையினர், இராணுவத்தினர் மத்தியிலிருந்தே மை கழுவினால் போகிறது என்ற புகார் எழுந்தது. மே 5ஆம் தேதி வாக்களித்த பொதுமக்களில் பலரும் அதையே சொன்னார்கள். குப்பியைச் சரியாகக் குலுக்கவில்லை என்று ஒரு விளக்கம் வந்தது. பிறகு நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஒருவர், மையில் இருந்தது உணவுக்குப் போடும் சாயம் என்றார்.

அரசியலை நாளிதழின் மற்றப் பக்கங்களுக்கு விட்டுவிடுவோம். வேதியியல் மட்டும் பார்ப்போம். வெள்ளி நைட்ரேட் தண்ணீரில் முழுமையாகக் கரையும் பொருள். கரைந்த உப்பு அடியில் படியாது. உப்புத் தண்ணீரைக் குலுக்கிக் குடிப்பவர் யாருமில்லை. கலவையில் கரையாத துகள் ஏதாவது இருந்தால்தான் குலுக்கத் தேவை வரும். உணவுச் சாயமோ தண்ணீரில் கரைவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. தோலில் அது வேதிவினை எதுவும் செய்வதில்லை. மேல் தோலில் கொஞ்சம் ஊறும், சவர்க்காரத்தோடு போகும். ஒருவர் இரண்டு முறை வாக்களிக்காமல் தடுப்பதுதான் மையின் ஒரே வேலை என்றால், அந்த வேலையைச் சாயத்திடம் ஒப்படைக்க முடியாது. வடிகட்டிக் காகிதத்தில் மார்க்கர் புள்ளி ஓடியதைப் பார்த்த உங்களுக்கே இது தெரியும்.

இது உங்களுக்கும் சீக்கிரம் தேவைப்படும் விஷயம். 18 வயதானவர்கள் வாக்களிக்க முடிந்த முதல் மாநிலத் தேர்தல் நடந்தது நம் ஜொகூரில்தான், 2022 மார்ச் 12ஆம் தேதி. இன்று படிவம் மூன்றில் இருப்பவர் மூன்றே ஆண்டுகளில் அந்த வரிசையில் நிற்கலாம்.

ஓர் எச்சரிக்கை. வெள்ளி நைட்ரேட்டை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே தொடாதீர்கள். அடர்த்தி அதிகமானால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தேர்தலில் ஒரு சிறு கோடு மட்டும் வைப்பது அதனால்தான்.

அந்தக் கோட்டை எங்கே வைக்கிறார்கள் என்பதிலும் கணக்கு இருக்கிறது. இந்தியாவில் 2006 முதல், இடது ஆள்காட்டி விரலின் நக நுனியிலிருந்து முதல் மூட்டு வரை நீளமாக இழுக்கிறார்கள். வைப்பதற்கு முன், விரலில் எண்ணெய் தடவியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிடுகிறார்கள். எண்ணெய் இருந்தால் மை தோலைத் தொடாது. தோலின் மேல் அடுக்கு உதிர உதிரச் சில நாள்களில் தோலில் உள்ள கறை மங்கிவிடும். நகத்தில் பட்டது அப்படியல்ல. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஆகவே கறை நகத்தோடு மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து, கடைசியில் நகவெட்டியில்தான் போக வேண்டும். ஏதாவது ஒரு வாக்குச்சாவடியில் சில நாள்களிலேயே மறுவாக்குப்பதிவு நடந்தால் என்ன செய்வது? ஆள்காட்டி விரலில் பழைய கறை இன்னும் இருக்குமே! அப்போது இந்தியத் தேர்தல் அதிகாரிகள் இடது கை நடுவிரலை நீட்டச் சொல்கிறார்கள்.